டிரம்மில் ஒரு கீறல்

அத்தியாயம் ஐந்து

லென்ஸ் பையிலிருந்து சீப்பை எடுத்தார்.

"மாப்ளே, உன் தலைய இப்படிக் காட்டு."

வெடி தன் தலையை ஒரு முறை தடவிப் பார்த்துக்கொண்டான். அங்கே சீப்புக்கு வேலை போய்ப் பல வருஷம் ஆகியிருந்தது. "காலி மனையில ஏர் ஓட்டப் பாக்கறீங்க மாமா. உங்க தலையிலயே ஓட்டுங்க" என்றான்.

சட்டைப் பையில் எந்நேரமும் பூதக்கண்ணாடி இருந்ததால் அவருக்கு லென்ஸ் என்று பெயர் ஆகிவிட்டது. வெடி அவர் மனைவியின் தம்பி. வாயைத் திறந்தால் சும்மா இருக்க மாட்டான் என்பதால் அவனுக்கு அந்தப் பெயர். தையல்கடை மாடியில் ஒரு அறையும் ஒரு ஆடும் மேசையும்தான் அவர்களுடைய துப்பறியும் நிறுவனம். இதுவரை எடுத்ததில் பெரிய கேஸ், காணாமல் போன ஒரு நாய். கண்டுபிடித்துக் கொடுத்தார்கள். கொடுத்தது வேறு நாய்.

இந்த முறை கேஸ் கொஞ்சம் கனமானது. இவர்கள் இப்போது நின்றுகொண்டிருந்த ஜெராக்ஸ் கடைக்கு மேலே மூன்று மாடித் துணி ஃபேக்டரி. மேல்மாடியில் தைப்பவர்களும் இஸ்திரி போடுபவர்களும் இருந்தார்கள். இறங்குவதற்கு முன்பக்கம் ஒரு படிக்கட்டு, அதன் இரண்டு பக்கமும் துணிக்கட்டு. பின்சந்துக்கு இன்னொரு படிக்கட்டு. அதன் கதவை வேலை நேரத்தில் பூட்டிவிடுவார்கள். துணி வெளியே போய்விடக் கூடாதாம். திங்கட்கிழமை காலையில் எல்லா மாடியிலும் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. ஸ்கேல் வைத்துக் கோடு கோடாக வரைந்த எழுத்து. யார் கை என்று தெரியாது. 'பின்கதவைப் பூட்டுகிறார்கள். தீப்பிடித்தால் மேலே இருப்பவர்கள் எந்த வழியாக இறங்குவார்கள்?' அவ்வளவுதான். ஒட்டியது யார் என்று கண்டுபிடிக்கச் சொல்லி ஃபேக்டரி மேனேஜர் லென்ஸைக் கூப்பிட்டிருந்தார்.

லென்ஸ் தன் நரைத்த தலையில் சீப்பை நாலு இழு இழுத்துவிட்டு, கிழித்துப் போட்ட காகிதத் துணுக்குகளுக்கு மேலே பிடித்தார். துணுக்குகள் துள்ளி எழுந்து சீப்பில் ஒட்டிக்கொண்டன. எதிரே இருந்த ஜெராக்ஸ் மெஷினுக்குள்ளே நடப்பதும் இதுதான் என்று அவர் பாடம் நடத்த ஆரம்பித்தார். உள்ளே ஒரு உருளை இருக்கிறது, டிரம் என்பார்கள். அதற்கு முதலில் உடம்பு முழுக்கக் கரண்டு ஏற்றுவார்கள். பிறகு நம் காகிதத்தின் மேல் வெளிச்சம் அடித்தால், அது திரும்பி டிரம்மில் விழும். வெள்ளை இருக்கிற இடத்தில் வெளிச்சம் பட்டுக் கரண்டு ஓடிவிடும். எழுத்து இருக்கிற இடம் இருட்டு, அங்கே மட்டும் கரண்டு தங்கும். கரும்பவுடர் அந்த இடத்தை மட்டும் போய்ப் பிடித்துக்கொள்ளும். பிறகு காகிதத்துக்கு மாறும்.

"அந்த டிரம் மேல ஒரு கீறல் இருந்தா?" என்று கேட்டுவிட்டு அவரே பதிலும் சொன்னார். "கீறலுக்குள்ளயும் பவுடர் தங்கும். டிரம் ஒரு சுத்து சுத்தினா காகிதத்துல ஒரு புள்ளி."

வெடிக்கு அது சட்டென்று பிடிபட்டது. கைவண்டிச் சக்கரத்தில் ஆணி குத்திக்கொண்டால் சேற்றில் சுற்றுக்கு ஒரு குழி விழும். மூட்டை தூக்கிய காலத்தில் அவன் பார்க்காத சக்கரமா?

நோட்டீஸில் ஓரத்தில் மூன்று புள்ளிகள் இருந்தன. ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் நடுவில் சரியாக ஐந்து விரல் அகலம். மெஷின் மேலே காகிதம் வைக்கிற கண்ணாடியில் அழுக்கு இருந்தால் பக்கத்துக்கு ஒரு புள்ளிதான் விழும். இது உருண்டு வருகிற பொருளின் வேலை. அக்கம்பக்கத்தில் இருந்த ஜெராக்ஸ் கடை எல்லாவற்றிலும் வெள்ளைக் காகிதம் விட்டுப் பார்த்தாகிவிட்டது. பாக்கி இந்தக் கடை.

கடைக்கார அம்மாவை எல்லோரும் ஜெராக்ஸ் அக்கா என்பார்கள். அவர் கணவர் மேல்மாடியில் இஸ்திரி போடுகிறவர். கடை ஃபேக்டரி முதலாளிக்குச் சொந்தமான அறை. அக்கா தயங்கவே இல்லை. தாராளமாகப் போட்டுப் பாருங்கள் என்று தானே பட்டனை அழுத்தினார்.

காகிதம் சூடாக வெளியே வந்தது. மூன்று புள்ளிகள். லென்ஸ் விரலை வைத்து அளந்தார். ஐந்து விரல். பூதக்கண்ணாடியை வைத்தார். புள்ளிக்கு ஒரு சின்ன வால் இருந்தது, நோட்டீஸில் இருந்த அதே வால்.

லென்ஸின் முகத்தில் தெரிந்த வெளிச்சத்தை வெடி முன்பு ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறான், நாய் கிடைத்த அன்று. அப்போதே அவன் அவர் வாயை அடைத்திருக்க வேண்டும். அதற்குள் அவர் போனை எடுத்து, மேனேஜரிடம் சொல்ல ஃபேக்டரி ஆபீசுக்கு அடித்துவிட்டார். எடுத்தது மேனேஜர் இல்லை, முதலாளி. முதலாளியே நேரடியாகப் பேசுகிறார் என்றதும் லென்ஸ் நிமிர்ந்து நின்று, சீப்பு, டிரம், கீறல் என்று ஒன்று விடாமல் ஒப்பித்தார். உங்கள் கட்டடத்திலேயே கீழே இருக்கிற கடைதான் சார் என்று முடித்தார்.

முதலாளி அதிகம் பேசவில்லை. சாப்பாட்டு நேரம் முடிவதற்குள் கடை காலியாகிவிடும், புருஷனுக்கும் இன்றோடு வேலை இல்லை, அதை நீங்களே அந்தப் பெண்ணிடம் சொல்லிவிடுங்கள் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

சொல்ல வேண்டிய அவசியம் இருக்கவில்லை. அக்கா எதிரிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அழவில்லை, கத்தவுமில்லை. மெஷின் மூடியை மெதுவாக இறக்கினார்.

"நான் போடல சார்."

"மெஷின் சொல்லுதேம்மா."

"நோட்டீஸ் ஒட்டினது திங்கக்கிழமை. இந்த டிரம் என் மெஷினுக்குள்ள வந்ததே புதன்கிழமை."

லென்ஸ் கையில் சீப்பு அப்படியே நின்றது.

பிரிண்டு வெளுத்து வந்ததாம். மெக்கானிக்கிடம் சொல்லி வைத்திருந்தாராம். புதன்கிழமை அவர் வந்து புது டிரம் போட்டுவிட்டுப் போனாராம். அக்கா குனிந்து, வீணாய்ப் போன காகிதம் போடுகிற அட்டைப்பெட்டியைக் கவிழ்த்தார். மேலே கிடந்த காகிதங்களில் எல்லாம் மூன்று மூன்று புள்ளி. அடியில் கிடந்தவை வெளுத்திருந்தன, ஆனால் ஒன்றில்கூடப் புள்ளி இல்லை.

"இதை முன்னாடியே சொல்லக்கூடாதாம்மா?"

"நீங்க எங்க கேட்டீங்க? பொருந்துதுன்னீங்க. உடனே போன எடுத்தீங்க."

வெடி இருவரையும் பார்த்தான். "மாமா, மறுபடியும் வேற நாய்" என்றான்.

*

மெக்கானிக்கின் பட்டறை தெருமுனையில் இருந்தது. உயிர்போன மெஷின்கள் ஒன்றின் மேல் ஒன்றாகக் கூரை வரை ஏறி நின்றன. நடுவில் ஒரு ஸ்டூலில் அவர், முழங்கை வரை கறுப்பாக. அக்காவுக்குப் போட்டது புதுசுதான் என்று முதலில் சாதித்தார்.

லென்ஸ் மூன்று புள்ளியைக் காட்டினார்.

"பிறவி மச்சமா?" என்று வெடி கேட்டான்.

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டார். துடைக்கத் துடைக்கத் துணிதான் கறுத்தது. பிறகு வழிக்கு வந்தார். பெரிய ஆபீஸ்களில் டிரம் சாவதற்கு முன்பே மாற்றச் சொல்லிவிடுவார்கள். கழற்றியதில் பாதி உயிர் இருக்கும். அதைக் குப்பையில் போட அவருக்கு மனசு வராது. துடைத்து, சின்னக் கடைகளுக்குப் போட்டுவிடுவார். அவங்களுக்கும் வேலை ஆகிறது, இவங்களுக்கும் வேலை ஆகிறது, யாருக்கு என்ன கெட்டுப்போச்சு என்று கேட்டார். இந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதுதானாம்.

கீறல் எப்போது விழுந்தது என்று லென்ஸ் கேட்டார். கழற்றும்போது கை தவறி விழுந்திருந்தால் அவர் நூல் பிடித்துக்கொண்டு போகிற வழி அதோடு அறுந்துவிடும்.

முன்னாடியே இருந்தது என்றார் மெக்கானிக். அந்த ஆபீஸில் கூப்பிட்டதே அதற்காகத்தான். காகிதத்தில் புள்ளி விழுகிறது, உடனே மாற்று என்று செவ்வாய்க்கிழமை காலையில் போன். இத்தனைக்கும் அந்தக் கீறலோடு இன்னும் ஆறு மாதம் ஓட்டலாம். லென்ஸ் சொன்ன சீப்புக் கதையையும் அவர் திருத்தினார். பவுடர் தானாகக் காகிதத்துக்கு வந்துவிடாது. "டிரம் அவ்வளவு சுலபமா விடாதுங்க. காகிதத்துக்குப் பின்னாலேருந்து அதைவிடப் பலமா ஒரு கரண்டு இழுக்கும். அப்பதான் விடும். அப்பவும் முழுசா விடாது, கொஞ்சம் ஒட்டிக்கிட்டுத்தான் இருக்கும். அதை வழிச்சு எடுக்க ஒரு பிளேடு. அப்புறம் சூடான ரெண்டு ரோலருக்கு நடுவுல விட்டு உருக்கினாத்தான் எழுத்து காகிதத்துல நிக்கும்."

"எந்த ஆபீஸ்?"

மெக்கானிக் ஃபேக்டரி இருந்த பக்கமாக விரலை உயர்த்தினார். "அதே ஃபேக்டரிதான். மேனேஜர் ரூம்ல இருக்கற மெஷின்."

"யார் யார் அதைத் தொடுவாங்க?"

"அவர்தான். அவர் இல்லாதப்போ ரூம் பூட்டியிருக்கும். போன் பண்ணதும் அவர்தான்."

லென்ஸ் விரல் விட்டு எண்ணினார். திங்கட்கிழமை நோட்டீஸ். செவ்வாய்க்கிழமை டிரம்மை மாற்றச் சொல்லி அவசரம். தன் நோட்டீஸில் புள்ளியைப் பார்த்துப் பயந்த ஒருவன், அந்தப் புள்ளியைத் தன் அறையிலிருந்து வெளியே தள்ளியிருக்கிறான். அது நேரே இரண்டு மாடி இறங்கி அக்காவின் கடைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

இதை முதலாளியிடம் வந்து ஒரு வார்த்தை சொல்ல முடியுமா என்று லென்ஸ் கேட்டார். மெக்கானிக் ஸ்டூலைத் திருப்பிப் போட்டு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். பழசைப் புதுசென்று போட்டேன் என்று அவர் வாயால் சொன்னால் நாளைக்கு எந்த ஆபீஸ் படியும் ஏற முடியாது. அவருக்கும் வீட்டில் இரண்டு பெண்கள் இருக்கிறார்கள். "என்னைக் கேட்டா நீங்க யாருன்னே தெரியாதும்பேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கெஞ்சுவது போலத்தான் இருந்தது.

*

மேனேஜர் அறை சுத்தமாக இருந்தது. மூலையில் மெஷின் நின்றது. வெடி நேரே போய் ஒரு வெள்ளைக் காகிதத்தை விட்டு எடுத்தான். பளிச்சென்று வந்தது, ஒரு பொட்டு அழுக்கில்லை. அதைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான்.

"கல்யாண மாப்பிள்ளை வேட்டி மாதிரி இருக்கு சார்."

மேனேஜர் அதைப் பார்த்தார். நோட்டீஸையும் பார்த்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

முதலாளி அவருக்கு மாமனார். பக்கத்து அறையில் உட்கார்ந்திருந்தார். பின்கதவைத் திறந்து வைக்கும்படி அவரிடம் மூன்று முறை வாயைவிட்டுக் கேட்டாயிற்று. வீட்டு மாப்பிள்ளையாய் இருந்துகொண்டு வேலைக்காரர்களுக்கு வக்காலத்து வாங்குகிறீர்களா என்று கேட்டாராம். போன மாதம் மேலே ஒரு இஸ்திரிப்பெட்டி வயர் பற்றிக்கொண்டது. யாரோ ஈரத்துணி போட்டு அமுக்கிவிட்டார்கள். அன்றிலிருந்து தூக்கம் இல்லை. அதனால்தான் ஸ்கேல் வைத்து எழுதினேன் என்றார்.

"புள்ளியைப் பாத்ததும் டிரம்ம மாத்தச் சொன்னேன். பழசு குப்பைக்குப் போயிருக்கும்னு நினைச்சேன்."

"அப்புறம் எங்களை எதுக்கு சார் கூப்பிட்டீங்க?" என்றார் லென்ஸ்.

"ஆள் வெச்சுக் கண்டுபிடின்னு அவர் சொல்லிட்டார். யாரையாவது கூப்பிட்டாகணும்." மேனேஜர் தயங்கினார். "நாய் தேடிக் கொடுத்தீங்களே, அது எங்க பக்கத்து வீடு. இன்னமும் பேர் சொல்லிக் கூப்பிட்டாத் திரும்பிப் பாக்காது. உங்களால கண்டுபிடிக்க முடியாதுன்னு நம்பித்தான் கூப்பிட்டேன்."

வெடிக்குச் சிரிப்பு தொண்டை வரை வந்தது. மாமாவாக, குருவாக, முதலாளியாக இத்தனை வருஷம் தான் கிண்டல் செய்து வந்த மனிதரின் முகத்தைப் பார்த்ததும் அதை விழுங்கிக்கொண்டான். நியாயமாகப் பார்த்தால் அந்த மனிதர் வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு கேஸைச் சரியாகப் பிடித்திருக்கிறார். பிடிக்கப் போன வழியில்தான் ஒரு குடும்பம் தெருவுக்கு வருகிறது.

ஜன்னல் வழியாகக் கீழே சந்து தெரிந்தது. இரண்டு பேர் அக்காவின் மெஷினை வாசல் வரை இழுத்துவிட்டிருந்தார்கள்.

லென்ஸ் பக்கத்து அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். வெடியும் போனான். தான் சொன்னது தப்பு, டிரம் இடம் மாறியிருக்கிறது, புதன்கிழமைக்கு முன்னால் அது இந்த மாடியில்தான் இருந்தது என்றார். முதலாளி பேனாவைக் கீழே வைக்காமலே கேட்டார். காலையில் சீப்பு வைத்து நிரூபித்தீர்கள், மத்தியானம் அதே சீப்பை வைத்து இல்லை என்கிறீர்கள், எனக்கு முதலில் சொன்னதே போதும் என்றார்.

"அந்த மெஷின் உங்க மாப்பிள்ளை ரூம்ல இருக்கு சார்" என்றார் லென்ஸ்.

முதலாளிக்குச் சிரிப்பு வந்தது. இருமல் வரும் வரை சிரித்தார். பிறகு வாசல் பக்கம் திரும்பினார். மேனேஜர் அங்கே வந்து நின்றிருந்தார்.

"என்ன மாப்பிள்ளை, நோட்டீஸ் போட்டது நீங்களாமே?"

வெடி மேனேஜரின் கையைப் பார்த்தான். கை கதவு நிலையைப் பிடித்திருந்தது. விரல் நுனிகள் வெளுத்திருந்தன.

"இல்ல மாமா" என்றார் மேனேஜர்.

*

சந்தில் சாப்பாட்டு நேரம். பின்கதவு திறந்திருந்தது. மேல்மாடிப் பெண்கள் சுவரோரம் உட்கார்ந்து தூக்குவாளிகளை மூடிக்கொண்டிருந்தார்கள். கைவண்டிக்காரர் கடப்பாரையால் நெம்பி மெஷினை வண்டியில் ஏற்றிவிட்டார். கடைக்குள்ளே வெறும் தரை, நாலு கால் தடம்.

அக்காவின் கணவர் லென்ஸைப் பார்த்ததும் ஓடிவந்தார். மேல்சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. "சார், நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும் சார். தப்பாக் கண்டுபிடிச்சிட்டேன்னு சொல்லுங்க சார்."

சொல்லிவிட்டேன் என்றார் லென்ஸ். அந்த ஆளின் தோளைத் தொடப் போய், தொடலாமா என்று தெரியாமல் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

மேல்மாடிப் பெண்களில் மூத்தவர் ஒருவர் எழுந்து அக்காவின் முன்னால் வந்து நின்றார். எல்லோரும் கேட்க நினைத்ததை அவர் கேட்டார்.

"நிஜமாவே நீயா போட்ட?"

இவள் போடவில்லை என்று கணவர் குறுக்கே வந்தார். அக்கா அவரை ஒரு கையால் நகர்த்தினார். மேலே ஜன்னலில் மேனேஜர் நிற்பதை வெடி பார்த்தான். அக்கா பார்த்தாரா என்று அவனுக்குத் தெரியாது.

"ஆமாக்கா. நான்தான் போட்டேன்."

கணவர் வாயைத் திறந்தபடி நின்றார். மூத்த பெண் அக்காவின் கையைப் பிடித்து, விடாமல் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டிருந்தார். அப்போது மணி அடித்தது. பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து சேலையை உதறிக்கொண்டார்கள். கதவைப் பார்த்தார்கள், அக்காவைப் பார்த்தார்கள். ஒருத்தி நின்றாள். பிறகு அவளும் போனாள். போகாமல் என்ன செய்வாள். கடைசி ஆள் ஏறியதும் வாட்ச்மேன் வந்து பூட்டை மாட்டி, சாவியை முதலாளியிடம் கொடுக்க முன்பக்கம் நடந்தார்.

வெடி அக்காவின் பக்கத்தில் போய் நின்றான். "ஏன்க்கா அப்படிச் சொன்னீங்க?"

"கடை போனது போனதுதான். யாருமே போடலன்னு ஆயிட்டா, அதுல எழுதியிருந்ததும் பொய்னு ஆயிடும்ல." அக்கா அட்டைப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தார். "யார் போட்டதோ, கண்டுபிடிச்சிட்டீங்களா?"

வெடி லென்ஸைப் பார்த்தான். லென்ஸ் தரையைப் பார்த்தார்.

"தெரியலம்மா" என்றார்.

கைவண்டிக்காரர் கிளம்பப் பார்த்தார். லென்ஸ் அவரை நிறுத்தி, அந்தக் கடப்பாரையை விட்டுவிட்டுப் போக முடியுமா, சாயங்காலம் வந்து வாங்கிக்கொள்ளலாம் என்றார். அவர் ஏன் என்று கேட்காமல் கொடுத்துவிட்டு வண்டியைத் தள்ளினார். லென்ஸ் அதைத் தூக்கிக்கொண்டு போய் பூட்டிய கதவுக்கு எதிரே, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். கடப்பாரையை மடியில் குறுக்காக வைத்துக்கொண்டார்.

"என்ன மாமா இது?"

"உக்காரு மாப்ளே."

"எதுவரைக்கும்?"

"ஷிப்ட் விடற வரைக்கும். மேல புகை வந்தா யாராவது பூட்ட நெம்பணும்ல."

வெடி உட்கார்ந்தான். அந்தப் பூட்டையும் லென்ஸின் மெலிந்த மணிக்கட்டையும் மாறி மாறிப் பார்த்தான். கடப்பாரையை அவர் மடியிலிருந்து எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான். அவர் தடுக்கவில்லை. அக்காவின் கணவர் கொஞ்சம் தள்ளி நின்றிருந்தவர், மெல்ல வந்து மறுபக்கத்தில் குந்தினார்.

"நாளைக்கு?" என்றான் வெடி.

மேலே தையல் மெஷின்கள் எல்லாம் ஒன்றாக ஓட ஆரம்பித்தன.